சம்பந்திக்கு ஸ்பானிஷில் சொல் உண்டு
வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு புதிய மொழி

கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் சென்னை நோக்கிச் சிறிது தூரம் வந்தால் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பார்க். அங்கே பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போல நிற்கும் டி.சி.எஸ். கட்டடங்களைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அவற்றை வடிவமைத்தவர் கார்லோஸ் ஓட். 1946இல் தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுத் தலைநகரில் பிறந்தவர். பாரிஸில் 1989இல் திறக்கப்பட்ட பஸ்தி ஆபரா அரங்கமும் இவர் வடிவமைத்ததே. அவர் பிறந்த அதே ஊரில்தான் 2002இல் டி.சி.எஸ். தன் லத்தீன் அமெரிக்க மையத்தைத் தொடங்கியது.

மேப்பில் அந்த ஊரின் பெயரைப் பார்த்தால் நாம் 'மாண்டிவீடியோ' என்று படிப்போம். ஆங்கிலம் படித்த பழக்கம். அந்த ஊர்க்காரரோ 'மொந்தெபிதேயோ' என்கிறார். அதில் 'ட' இல்லை, 'வி' இல்லை, வீடியோவும் இல்லை. இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழ் நாக்குக்கு இரண்டாவதுதான் எளிதாக வரும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களில் பலர் ஏதாவது ஒரு வெளிநாட்டு மொழி கற்க ஆசைப்படுகிறார்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி, ஐ.நா. சபையின் ஆறு மொழிகளில் ஒன்று. ஆகவே ஆசை நியாயமானதே. ஆனால் இரண்டாவது வாரத்திலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். 'எனக்கு இங்கிலீஷே சரியாக வராது, இதில் ஸ்பானிஷ் எங்கே வரும்' என்பது அவர்கள் சொல்லும் காரணம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இதை அதிகம் சொல்கிறார்கள்.

கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியே சொல்லித் தருவதால் வரும் பயம் இது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். 'எனக்குப் பிடிக்கும்' என்ற ஒரே விஷயத்திற்கு ஆங்கிலப் பாடத்தில் இரண்டு வாரம் போனது. பிறகுதான் அது அப்படியே தமிழ் வாக்கியம் என்பது புரிந்தது.

முதலில் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். உங்கள் நோட்டில் ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். ஏன் என்பதைச் சிறிது நேரத்தில் பார்க்கலாம்.

எனக்கு மாம்பழம் பிடிக்கும்

இதை ஆங்கிலத்தில் சொன்னால் 'நான்' என்பது எழுவாய். தமிழில் 'எனக்கு' என்கிறோம். பிடிப்பது பழம், யாருக்கு என்றால் எனக்கு. ஸ்பானிஷிலும் இதே கட்டுதான்: 'மே குஸ்தா எல் மாங்கோ'. 'மே' என்றால் எனக்கு. பழங்கள் பல என்றால் வினைச்சொல் பழங்களுக்கு ஏற்ப 'குஸ்தான்' என்று மாறும். ஆங்கிலேய மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே: 'மே துவேலே லா கபேஸா'. (மாங்கோ என்ற சொல்லே நம் பக்கத்து மாங்காய் போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்ததுதான்.)

வினைச்சொல்லின் வாலும் நமக்குப் பழக்கமானது. பேசுகிறேன் என்றால் 'ஆப்லோ'. பேசுகிறாய் 'ஆப்லாஸ்', பேசுகிறான் அல்லது பேசுகிறாள் 'ஆப்லா', பேசுகிறோம் 'ஆப்லாமோஸ்', பேசுகிறார்கள் 'ஆப்லான்'. 'நான்' என்று தனியே சொல்லத் தேவையில்லை, வாலே சொல்லிவிடும். தமிழில் 'நாளைக்கு வருகிறேன்' என்றால் யார் வருகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை அல்லவா?

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் உண்டு. நண்பனுக்கு 'தூ', பெரியவருக்கு 'உஸ்தேத்'. 'தங்கள் கருணை' என்பது போன்ற ஒரு பழைய மரியாதைத் தொடர் சுருங்கி 'உஸ்தேத்' ஆனது. அதனால் அதற்குப் படர்க்கை வால் வரும்: 'உஸ்தேத் ஆப்லா'. கார்லோஸ் ஓட்டின் உருகுவேயிலும் பக்கத்து அர்ஜென்டினாவிலும் 'தூ'வுக்குப் பதில் 'போஸ்' என்பார்கள். பாடத்தில் இல்லாத சொல் வீடியோவில் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம்.

அடுத்து, ஸ்பானிஷ் கற்போர் அதிகம் பயப்படும் இடம். 'இருத்தல்' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைச்சொற்கள்: 'ஸேர்', 'எஸ்தார்'. எங்கே எது என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாக விதி சொல்லும். தமிழில் 'அவர் டாக்டர்' என்கிறோம், வினைச்சொல்லே இல்லை. 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்னும்போது 'இருக்கிறார்' வருகிறது. முதல் வகைக்கு ஸேர்: 'எஸ் மேதிகோ'. இரண்டாம் வகைக்கு எஸ்தார்: 'எஸ்தா என் காஸா'. வீடு பெரியது, 'லா காஸா எஸ் கிராந்தே'. டீ சூடாக இருக்கிறது, 'எல் தே எஸ்தா கலியேந்தே'. மணி மூன்று என்பதில் நமக்கு வினை கிடையாது. ஸ்பானிஷிலும் அது ஸேர்தான்.

இது முழு விதி அல்ல. 'அக்கா உயரமாக இருப்பாள்' என்று நாம் சொல்வதை நம்பி எஸ்தார் போட்டால் தவறு. உயரம் அவளுடைய இயல்பு என்பதால் 'மி எர்மானா எஸ் ஆல்தா'. எனவே தமிழைக் கைத்தடியாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டாம். பசிக்கும் வயதுக்கும்கூட இதே எச்சரிக்கை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு ஸ்பானிஷில் 'மே' வராது. 'பசி வைத்திருக்கிறேன்' என்ற பொருளில் 'தேங்கோ ஆம்ப்ரே' என்பார்கள்.

தமிழ் உதவவே உதவாத இடமும் உண்டு. அது பால் பாகுபாடு. நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை, அவ்வளவுதான். ஸ்பானிஷில் மேசை பெண், புத்தகம் ஆண். 'லா மேஸா', 'எல் லிப்ரோ' என்று முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆகாரத்தில் முடிந்தால் பெண், ஓகாரத்தில் முடிந்தால் ஆண் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் கை என்பது 'லா மானோ', நாள் என்பது 'எல் தியா'. சொல் வரிசையும் நம்முடையது அல்ல. வினை நடுவில் வரும், 'இல்' உருபு வேலையைச் செய்யும் 'என்' முன்னால் நிற்கும். இங்கே மட்டும் ஆங்கிலப் பழக்கம் கை கொடுக்கும்.

சகலையும் ஓரகத்தியும்

உறவுச் சொற்களில் ஸ்பானிஷ் நம்மை ஏமாற்றும் என்றுதான் நினைத்தேன். ஓரளவு உண்மையும்கூட. அக்கா, தங்கை இருவரும் 'எர்மானா'. மாமா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் 'தியோ'. (மாட்ரிட் இளைஞர்கள் நண்பனையே 'தியோ' என்பார்கள். நம்மூர் 'மாமு', 'மச்சி' போல.)

ஆனால் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரரை ஆங்கிலத்தில் என்னவென்று அழைப்பீர்கள்? சொல் கிடையாது, சுற்றி வளைத்து விளக்க வேண்டும். ஸ்பானிஷில் சம்பந்திக்கு 'கொன்சுவேக்ரோ' என்று தனிச்சொல் இருக்கிறது, சம்பந்தியம்மாவுக்கு 'கொன்சுவேக்ரா'. மனைவியின் சகோதரி கணவர், அதாவது சகலை, 'கொன்குஞாதோ'. ஓரகத்தியை 'கொன்குஞாதா' எனலாம். நாளை மறுநாளுக்கும் முந்தாநாளுக்கும் பேச்சு வழக்கில் சொல் உண்டு: 'பஸாதோ மஞானா', 'ஆந்தேயாயேர்'.

சுட்டுச் சொற்களைப் பாருங்கள். என் அருகில் இருப்பது 'எஸ்தே', உங்கள் அருகில் இருப்பது 'எஸே', இருவருக்கும் தொலைவில் இருப்பது 'ஆக்கெல்'. ஆங்கிலத்தில் இரண்டுதான். தமிழ் இலக்கணத்தில் இ, அ, உ என மூன்று. நம் பக்கம் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது', 'உவர்' என்கிறார்கள். இலங்கைத் தமிழருக்கு இந்தப் பாடம் ஐந்து நிமிடம்.

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தை இடையில் வைத்துக் கற்றால், தமிழில் இருப்பதும் ஸ்பானிஷில் இருப்பதும் நடுவழியில் விழுந்துவிடுகின்றன. இன்டர்நெட் மொழிபெயர்ப்புச் சேவைகளிலும் இதைக் கவனியுங்கள். 'நீ எங்கே போகிறாய்', 'நீங்கள் எங்கே போகிறீர்கள்' இரண்டையும் தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் மரியாதை வழியில் காணாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

சொற்களிலும் நமக்கு முன்பணம் உண்டு. மேசை, அலமாரி, சாவி, துவாலை, பொத்தான், வாத்து, பாதிரி, குசினி ஆகியவை போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. ஸ்பானிஷ் அதன் உடன்பிறப்பு. எனவே 'மேஸா', 'அர்மாரியோ', 'யாவே', 'தோஆயா', 'போதோன்', 'பாதோ', 'பாத்ரே', 'கோஸீனா' என்று கேட்டால் பாதி புரியும். ஜன்னல் மட்டும் பொருந்தாது. ஸ்பானிஷில் அது 'பென்தானா'.

செங்கல்பட்டு தாண்டித் தெற்கே போனால் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்பதன் திரிபு அது. மணிலா 1571 முதல் 1898 வரை ஏறக்குறைய முழுவதும் ஸ்பெயினிடம் இருந்த நகரம். மெக்ஸிகோவின் அகாபுல்கோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் 1815 வரை அங்கே வந்து போயின. 1762இல் அந்த மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயப் படை கிளம்பியது நம் மெட்ராஸிலிருந்துதான். உடன் சென்ற சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் கைன்தா என்ற ஊரில் குடும்பம் நடத்தித் தங்கிவிட்டார்கள். தென் அமெரிக்காவில் பெரும்பாலும் கடலைக்கு 'மனீ' என்று பெயர். மணிலாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, கரீபியத் தீவு மக்களின் சொல் அது. ஆனால் நினைவில் நிற்க இந்த ஒற்றுமை போதும்.

பெயர்களில் ஒரு விஷயம். வழக்கமாக ஸ்பானிஷ்காரர்கள் இரண்டு குடும்பப் பெயர் வைத்திருப்பார்கள். முதலில் தந்தையுடையது, பிறகு தாயுடையது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' எழுதிய காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை நாம் 'மார்க்கேஸ்' என்கிறோம். அது அவருடைய தாய் வழிப் பெயர். ஸ்பானிஷ் நூலகத்தில் 'கார்சியா' என்று தேடினால்தான் கிடைப்பார். ஆன்லைன் படிவங்களில் இரண்டு குடும்பப் பெயர் கேட்டு இரண்டு கட்டங்கள் இருப்பதும் இதனால்தான். இனிஷியல் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் படிவத்தில் திண்டாடிய நமக்கு இந்தச் சிக்கல் புரியும்.

காதும் நாக்கும்

ஸ்பானிஷின் 't', 'd' இரண்டும் நம் 'த' போலப் பல்லில் பிறப்பவை, நுனிநாக்கு மடங்காது என்று சொல்ல வந்தேன். ரோமன் எழுத்து போடாமல் சொல்வதானால், 'டீ', 'டி' என்று நாம் பெயர் சொல்லும் ஆங்கில எழுத்துகள் இரண்டுமே ஸ்பானிஷில் 'த' குடும்பம். மஞானா, எஸ்பாஞா ஆகியவற்றில் வருவது நம் 'ஞ'. ஏரி என்பது 'லாகோ'. இதை 'நாகம்' என்பதில் வரும் மென்மையான ககரத்தோடு சொல்லுங்கள், சரியாக இருக்கும். 'நாதா' (ஒன்றுமில்லை) என்பதன் தகரம் 'காது' என்பதில் வருவது. சொல்லின் நடுவில் வல்லினம் மென்மையாவது தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் பொதுவான பழக்கம்.

ரகரம் இரண்டு. 'பெரோ' என்று லேசாகச் சொன்னால் 'ஆனால்'. 'பெற்ரோ' என்று நாக்கை அதிர விட்டால் நாய். விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து இரண்டையும் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். வீட்டில் மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தமிழ் எழுத்தை நம்பினால் வரும் ஆபத்து இதோ. நாணயத்தின் பெயர் 'பேஸோ'. முத்தமும் 'பேஸோ'! முதலாவது 'பல்' என்பதன் பகரம், இரண்டாவது 'பஸ்' என்பதன் பகரம். தமிழ் எழுத்தில் வேறுபாடு தெரியாது. கடையில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். நோட்டில் ஸ்பானிஷ் எழுத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கீ போர்டைத் தயார் செய்யுங்கள்

ஸ்பானிஷில் சில எழுத்துகளுக்கு மேல் கோடு உண்டு. அழகுக்கு அல்ல. 'ஆப்லோ'வில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கோடு போட்டுக் கடைசி அசையை அழுத்தினால் 'பேசினான்'. ஆண்டு என்பது 'ஆஞோ'. அதில் என் எழுத்தின் மேல் உள்ள அலைக்கோட்டை விட்டுவிட்டால் 'ஆனோ', அதாவது ஆசனவாய். 'எனக்கு 20 வயது' என்று இமெயிலில் எழுதும்போது என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் நம்லாக் போட்டு, ஆல்ட் கீயை அழுத்தியபடி வலப்பக்க நம்பர் பேடில் 0241 அடித்து விடுங்கள். அலைக்கோடு போட்ட என் கிடைக்கும். கோடு போட்ட ஏ எழுத்துக்கு 0225, இ எழுத்துக்கு 0233, ஐ எழுத்துக்கு 0237, ஓ எழுத்துக்கு 0243, யு எழுத்துக்கு 0250. வாக்கியத் தொடக்கத்தில் வரும் தலைகீழ்க் கேள்விக்குறிக்கு 0191, தலைகீழ் ஆச்சரியக்குறிக்கு 0161. இவற்றை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லையா? விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்வேஜ், அதில் லாங்வேஜ் அண்ட் ரீஜன் செல்லுங்கள். உங்கள் ஆங்கில மொழிக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, ஆட் எ கீபோர்டு மூலம் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' என்பதைச் சேர்த்திடுங்கள். பிறகு வலப்பக்க ஆல்ட் கீயுடன் என் அடித்தால் அலைக்கோடு வரும், உயிரெழுத்தை அடித்தால் கோடு வரும். இந்த அமைப்பில் மேற்கோள் குறி கீயை அழுத்தினால் உடனே எதுவும் தெரியாது. அடுத்து ஸ்பேஸ் பார் தட்டினால்தான் வரும். கீ போர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் அழுத்தினால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடலாம்.

'முழு விண்டோஸையும் ஸ்பானிஷுக்கு மாற்றிவிடுங்கள், தானாக வந்துவிடும்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். புதியவர்கள் செய்ய வேண்டாம். திரும்பி வரும் வழியும் ஸ்பானிஷில்தான் இருக்கும். சிங்கிள் லாங்வேஜ் பதிப்பு என்றால் மாற்றவும் முடியாது.

இலவசமாக என்ன செய்யலாம்?

ஆன்கி என்ற புரோகிராமை டவுண்லோட் செய்து கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு இலவசம். இதே பெயரில் போலிகள் உலவுவதால் ஆப்ஸ் டாட் ஆன்கிவெப் டாட் நெட் என்ற தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இது ஒரு அட்டைப் பெட்டி. அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. தெரியாத அட்டை சீக்கிரம் திரும்பி வரும், தெரிந்தது சில நாள் கழித்து வரும். ஆயத்த அட்டைக் கட்டுகள் நிறைய உண்டு, பெரும்பாலும் ஆங்கிலம் வழியே. அவற்றை விட்டுவிட்டு நீங்களே செய்யுங்கள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஸ்பானிஷ். முதல் அட்டையில் 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்றே எழுதுங்கள். தனிச்சொல்லை விடச் சிறு வாக்கியம் நல்லது. பெயர்ச்சொல்லானால் எல், லா சேர்த்து. நாளுக்கு 20 புதிய அட்டை என்று புரோகிராம் தானாக வைத்திருக்கும். டெக் ஆப்ஷன்ஸில் அதை 10 ஆகக் குறைத்திடுங்கள். இல்லையென்றால் இரண்டு வாரத்தில் அட்டைகள் மலையாகக் குவியும்.

கேட்பதற்கு எட்ஜ் பிரவுசர் போதும். ஸ்பானிஷ் விக்கிபீடியாவில் உங்களுக்குத் தெரிந்த விஷயத்தைத் திறந்து, கன்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தைப் படித்துக் காட்டும். வாய்ஸ் ஆப்ஷன்ஸில் ஸ்பெயின் குரலா மெக்ஸிகோ குரலா என்று தேர்ந்தெடுக்கலாம், வேகத்தையும் குறைக்கலாம். சந்தேகத்திற்கு டிஎல்இ டாட் ஆர்ஏஇ டாட் இஎஸ் தளம். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாதமியின் அகராதி அது, கட்டணம் இல்லை. விளக்கமும் ஸ்பானிஷிலேயே இருப்பதால் முதல் மாதத்தில் மிரட்டும்.

எவ்வளவு நாளாகும்? '30 நாட்களில்' என்று அட்டையில் போட்ட புத்தகங்களை நம்பாதீர்கள். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கே முழுநேர வகுப்பாகச் சுமார் 30 வாரம் ஒதுக்குகிறது. தினம் அரை மணி நேரம் உட்காரும் நமக்கு வருடக்கணக்காகும். அறிமுகப் பேச்சு, கடை, வழி கேட்பது ஆகிய அளவுக்கு சில மாதங்களில் வந்துவிடலாம்.

சான்றிதழ் வேண்டுவோருக்கு ஸ்பெயின் அரசின் டெலே தேர்வு உள்ளது. ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகள், சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. தேர்வை நடத்தும் செர்வாந்தஸ் நிறுவனத்தின் இந்திய மையம் புதுதில்லியில் 2009 முதல் இயங்குகிறது. ஏ1 சான்றிதழைக் காட்டினால் ஐ.டி. பார்க்கில் வேலை என்று எவராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த நிலையில் டீ கேட்டு வாங்கலாம், கஸ்டமரிடம் போனில் பேச முடியாது. பணம் கட்டும் வகுப்பில் சேருவதற்கு முன், மேலே சொன்ன ஆன்கியில் 300 அட்டைகளை முடியுங்கள். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் சேருங்கள்.